கட்டைவிரலுக்கும் ஓய்வு வேண்டும்

பொழுது புலரும் முன்பே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் சென்று வண்டன்மேடு, புற்றடி, ஆனைக்கரை வட்டாரத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிடும் வண்டிகள் அவை. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பலருடைய ஒரு கை ஜீப்பின் கம்பியைப் பிடித்திருக்கிறது. மற்றொரு கையில் செல்போன். கொண்டை ஊசி வளைவுகளில் உடல் இப்படியும் அப்படியும் சாய்கிறது; கட்டைவிரல் மட்டும் கண்ணாடித் திரையின்மீது ஓடிக்கொண்டே இருக்கிறது. மாலையில் அதே வண்டியில் திரும்பும்போதும் அதே காட்சிதான்.

ஆனைக்கரை என்ற பெயரில் பாலக்காடு மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. இங்கு குறிப்பிடப்படுவது இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரை. தமிழக எல்லைக்கு அருகில், ஏலக்காயை நம்பி வாழும் ஊர். காயை விளைவிப்பவர், வாங்குபவர், விற்பவர் யாராக இருந்தாலும் அதைச் செடியிலிருந்து பறிக்கும் விரல்களில் பெரும் பங்கு தமிழ்ப் பெண்களுடையவை. அந்த விரல்களுக்கு இப்போது புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. அதைப்பற்றி எவரும் கணக்கு வைப்பதில்லை.

ஏலக்காய் பறிப்பது எளிய வேலையன்று. காய்கள் செடியின் அடித்தூரில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் பிடிக்கின்றன. குனிந்தோ குந்தியோ, தழையை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்து, பிஞ்சுக்கும் பூவுக்கும் சேதமில்லாமல் ஒவ்வொன்றாகப் பறிக்கவேண்டும். ஒரே செடியை ஒரு பருவத்தில் பல முறை சுற்றி வரவேண்டும். இதற்கு இன்றுவரை இயந்திரம் கைகொடுக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கருவி. நாள் முழுவதும் அந்த இரண்டு விரல்களும் கிள்ளிக்கொண்டே இருக்கின்றன. எடை பார்த்துக் கூலி தரும் இடங்களில் விரலின் வேகமே வருமானம்.

பகலெல்லாம் உழைத்த அதே கட்டைவிரலைத்தான் இரவில் செல்போனும் கேட்கிறது. விஷயத்தின் சாரம் இதுதான். செல்போனால் நகரத்து மாணவனுக்கு விரல் வலித்தால் இரண்டு நாள் அதைத் தொடாமல் இருந்துவிடலாம். தோட்டத் தொழிலாளிக்கு விரல் வலித்தால் அன்றைய கூலி குறைகிறது.

இதைச் சொல்லும்போது, “அப்படியானால் செல்போனைத் தூக்கி எறியட்டுமே” என்று சிலர் கூறக்கூடும். அது விவரமறியாத பேச்சு. பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு மலையில் தங்கி வேலை செய்யும் தாய்க்குப் பிள்ளையின் முகத்தைக் காட்டுவது செல்போன்தான். கூலிப்பணம் வங்கிக்கு வந்ததா என்று தெரிவதும் அதில்தான்; கடைக்காரருக்குப் பணம் செலுத்துவதும் அதில்தான்; நாளைக்கு எந்தத் தோட்டம், ஜீப் எத்தனை மணிக்கு என்ற செய்தி வருவதும் அதில்தான். ஒரு காலத்தில் கட்டைவிரல் என்றால் கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் செக்ரோலில் மை தோய்த்து வைத்த அடையாளம் அது. அந்த விரலே இன்று கடிதம் எழுதுகிறது, கணக்குப் பார்க்கிறது, பணம் அனுப்புகிறது. இது முன்னேற்றமே. அந்த முன்னேற்றத்தின் பாரம் முழுவதையும் ஒரு விரலின் தலையில் சுமத்தியிருப்பதுதான் கோளாறு.

தொடுதிரை என்பது உட்கார்ந்து வேலை செய்பவருக்காகத் தோன்றிய கருவி. 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரிலிருந்த அரசு ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் இ.ஏ. ஜான்சன் என்ற பொறியாளர், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அலுவலர்கள் மேஜையில் அமர்ந்து பயன்படுத்துவதற்காக அதை வகுத்தார். விரல் பட்ட இடத்தில் ஏற்படும் சிறிய மின் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்யும் திரை அது. இன்றைய செல்போன் திரைகளும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. ஆகவேதான் மழைநீர் பட்டால் திரை தடுமாறுகிறது. சாதாரணக் கையுறை போட்டுத் தொட்டால் அசைய மறுக்கிறது. காய்ப்பேறி உலர்ந்த விரலை எளிதில் உணர்வதில்லை. ஒரு முறை தொட்டால் ஆகவேண்டிய காரியத்துக்கு நாலு முறை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்திப் பயனில்லை என்பது தெரியாமல், மேலும் மேலும் பலமாக அழுத்துகிறவர்களே அதிகம்.

அடுத்தது அளவு. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஐபோனின் திரை மூலைக்கு மூலை 3.5 அங்குலம், எடை 135 கிராம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் கட்டைவிரல் நான்கு மூலைகளையும் எட்டியது. இன்று கடைகளில் பெரும்பாலும் விற்பவை 6.5 அங்குலத்துக்கும் மேற்பட்ட திரை கொண்டவை. எடை 200 கிராம் அளவில். பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் செல்போன் இவ்வளவு வளர்ந்தது. மனிதக் கை வளரவில்லை. பொதுவாகப் பெண்களின் கை ஆண்களின் கையைவிடச் சிறியது. பெரிய போனை ஒரு கையில் பிடித்து மேல் மூலையைத் தொடவேண்டுமானால் கட்டைவிரலை இழுத்து நீட்டவேண்டும், மணிக்கட்டை வளைக்கவேண்டும், போன் நழுவாமலிருக்க அடியில் சுண்டுவிரலை முட்டுக்கொடுக்கவேண்டும். ஒரே நேரத்தில் மூன்று விதமான சிரமம் அந்தக் கைக்கு.

மக்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை ஸ்டீவன் ஹூபர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தெருக்களிலும் நிலையங்களிலும் நின்று கவனித்து 2013இல் வெளியிட்டார். செல்போனைப் பயன்படுத்திக்கொண்டிருந்த 1,333 பேரைப் பார்த்ததில், திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் இயக்கினார்கள். 36 சதவீதம் பேர் ஒரு கையில் தாங்கி மறு கையால் தொட்டார்கள். இரண்டு கட்டைவிரல்களையும் பயன்படுத்தியவர்கள் 15 சதவீதமே. அங்கே மறு கையில் காபியோ பையோ இருந்திருக்கும். ஆனைக்கரையில் மறு கையில் இருப்பது ஜீப்பின் கம்பி, குழந்தை, தூக்குவாளி, கூடை. ஒரு கையால் பயன்படுத்துவது சோம்பேறித்தனத்தால் அன்று. மறு கைக்கு வேலை இருப்பதால்.

கட்டைவிரலின் அமைப்பையும் அறிந்துகொள்வது நல்லது. மற்ற நான்கு விரல்களும் மடக்கி நீட்டுவதற்கு ஏற்பட்டவை. கட்டைவிரல் மட்டும் சுற்றிச் சுழன்று மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கக்கூடியது. பற்றுவதற்கும் கிள்ளுவதற்கும் அதுவே ஆதாரம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விரல் நுனியில் ஒரு கிலோ அளவுக்கு அழுத்திக் கிள்ளினால், விரலின் அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ பாரம் இறங்குகிறது என்று 1977இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. நுனியில் செய்யும் சிறு வேலைக்கு அடியில் பன்மடங்கு பாரம். பகலில் காய் பறிக்கையில் இந்தப் பாரம் விழுகிறது. இரவில் கனத்த போனை இறுகப் பிடிக்கையில் மறுபடியும் விழுகிறது.

இதனால் வரும் உபத்திரவங்களில் ஒன்று மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்தது. 1895இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் அதை விவரித்தார். அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கட்டைவிரலை அகற்றி நீட்டும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் புகுந்து செல்கின்றன. ஓயாத வேலையால் அந்த உறை தடித்துப்போனால் நாண்கள் தடையின்றி ஓட முடிவதில்லை. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலியும் வீக்கமும் உண்டாகும். குடத்தைத் தூக்க, துணி பிழிய, குழந்தையை வாரியெடுக்க முடியாமல் கை துவளும். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் கைக்குழந்தையுள்ள தாய்மார்களுக்கு, இது அதிகமாக வருகிறது. செல்போனால் மட்டுமே வரும் நோய் அன்று இது. ஆனால் ஏற்கெனவே உழைத்துக் களைத்த நாணுக்கு செல்போன் மேலும் ஒரு சுமை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் இந்த உபாதையும் இடம்பெற்றிருக்கிறது. மீண்டும் மீண்டும் செய்யும் அசைவு, பலமான பிரயோகம், மணிக்கட்டின் கோணலான நிலை ஆகியவற்றால் வருவது என்று அப்பட்டியல் காரணமும் கூறுகிறது. “வயசாச்சு, கை வலிக்குது” என்று தைலம் தேய்த்துக்கொண்டு முடங்கிவிடுகிற வலியை உலகம் தொழில் நோயாக ஏற்றுக்கொண்டு ஆண்டுகள் பல ஆகின்றன என்பதைத் தொழிலாளரும் தொழிற்சங்கத்தாரும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

இன்னொரு தொல்லை முழங்கையில் தொடங்குகிறது. ஊருக்குப் பேசும்போது போனைக் காதில் வைத்து முழங்கையை மடக்கியபடியே நெடுநேரம் இருந்தால், முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பு இழுபட்டு அழுந்துகிறது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. கையை நீட்டி உதறினால் சரியாகிவிடுகிறது என்று இதை அலட்சியம் செய்வோர் பலர். அடிக்கடி நேர்ந்தால் அலட்சியம் கூடாது.

தோட்டத்து ஆபீஸில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்களின் நிலையும் வேறன்று. முன்பெல்லாம் தமிழ் டைப்ரைட்டிங் கற்கப் போனால் முதல் நாள் பாடமே உட்காரும் முறைதான். முதுகு நிமிர்ந்திருக்கவேண்டும், மணிக்கட்டு தொங்கக்கூடாது, இந்த எழுத்துக்கு இந்த விரல் என்றெல்லாம் மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுப்பார். வேலை பத்து விரல்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையிலும் அந்த எண்ணமே காணப்பட்டது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு என்று பிரித்து, இரண்டு கைகளும் மாறி மாறி உழைக்கும்படி அது அமைக்கப்பட்டது. செல்போன் வந்ததும் அத்தனை எழுத்துகளும் ஒரே விரலின் கீழ் வந்துவிட்டன. எப்படிப் பிடிப்பது, எப்படித் தட்டுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பும் இல்லை.

இங்கேதான் நிர்வாகங்களின் பொறுப்பு தொடங்குகிறது. சொந்தக் காரியத்துக்காக ஒருவர் போனைப் பார்ப்பது அவரவர் விருப்பம். வேலைக்காகப் பார்க்கச் சொன்னால் அது வேலை. கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தில் பணியிட வருகையைப் படம் எடுத்துப் பதிவு செய்யும் செயலி 2021 மே மாதம் தொடங்கப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர்களான பெண்கள் நாளுக்கு இரண்டு தடவை வெயிலிலும் மழையிலும் போனை ஏந்திப் படம் பிடித்து ஏற்றவேண்டியிருந்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு 2021இல் ஊட்டச்சத்துப் பதிவுச் செயலி வந்தது. தனியார் தோட்டங்களிலும் ஆள் கணக்கையும் எடைக் கணக்கையும் போனில் அனுப்பும் வழக்கம் பரவி வருகிறது. ஒரு கையில் குறிப்பு நோட்டும் மறு கையில் போனுமாக நிற்பவரின் கட்டைவிரலைப்பற்றி இந்தச் செயலிகளை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயத்துக்குரியது.

கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குப் பிடி போடும் ஆசாரி, வாங்குகிறவரின் கையைப் பார்த்து, பிடித்துக் காட்டச் சொல்லி, அதற்கேற்பச் சீவித் தருவது வழக்கம். பிடி கைக்கு அடங்காவிட்டால் வெட்டு விழாது, கையும் கொப்புளிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அரிவாளுக்குக் காட்டிய இந்த அக்கறையை, இன்று அரிவாளைவிட அதிக நேரம் கையிலிருக்கும் கருவிக்குக் காட்டவேண்டாமா?

2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம், காயமோ தொழில் நோயோ உண்டாக்கக்கூடிய அபாயங்கள் இல்லாதபடி பணியிடத்தை வைத்திருக்கும் கடமையை முதலாளிமீது சுமத்துகிறது. ஐந்து ஹெக்டேரும் அதற்கு மேலுமுள்ள ஏலத்தோட்டங்களும் அதில் அடங்கும். கடமை என்றால் பாம்புக்கடிக்கும் மருந்து தெளிப்புக்கும் மட்டுமே என்று பொருள் கொள்ளக்கூடாது. போனில் வேலை வாங்கும் நிர்வாகம், கைக்கு அடங்கும் அளவுள்ள போனைக் கொடுக்கவேண்டும். அதை வைத்துத் தட்ட ஒரு மேஜையும் நனையாத இடமும் தரவேண்டும். அந்த நேரத்தை வேலை நேரத்தில் சேர்க்கவேண்டும். செயலிகளை வகுப்பவர்கள் முக்கியமான பொத்தான்களைத் திரையின் அடிப்பாகத்தில், கட்டைவிரல் எட்டும் இடத்தில், பெரிதாக அமைக்கவேண்டும். தமிழர்கள் திரளாக வேலை செய்யும் இடங்களில் அந்தச் செயலி தமிழிலும் இருந்தால் தவறாகத் தட்டித் திரும்பத் தட்டும் சிரமம் பாதியாகக் குறையும்.

இவையெல்லாம் நடக்கும்வரை தொழிலாளர்கள் காத்திருக்கவேண்டியதில்லை. செலவில்லாமல் செய்துகொள்ளக்கூடியவை பல. உட்கார்ந்திருக்கும்போது போனை ஒரு கையில் தாங்கி மறு கையின் ஆள்காட்டி விரலால் தொடுவது நல்லது. சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுப்பதை விட்டு, போனின் பின்புறம் ஒரு துணி நாடாவையோ வளையத்தையோ ஒட்டி, அதில் விரல்களை நுழைத்துக்கொண்டால் இறுகப் பிடிக்கும் அவசியம் குறைகிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை கையை மாற்றிக்கொள்ளலாம். விசைப்பலகையை ஒரு பக்கமாக ஒதுக்கும் வசதியும், திரையின் மேற்பகுதியைக் கீழே இறக்கும் ஒற்றைக்கை வசதியும் பல போன்களில் இருக்கின்றன. அமைப்புகள் பகுதியில் தேடிப் பார்த்தால் தென்படும். வீட்டிலுள்ள இளைஞரைக் கேட்டால் நிமிஷத்தில் செய்து கொடுப்பார்.

எழுதுவதைவிடப் பேசுவது எளிது. குரலைப் பதிவு செய்து அனுப்பும் வசதியைப் பலரும் அறிவார்கள். பேசினால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் வசதியை கூகுள் 2017இல் கொண்டுவந்தது, அதையும் பழகிக்கொள்ளலாம். நெடுநேரம் பேச நேர்ந்தால் ஒலிபெருக்கியைப் போட்டோ காதுக்கருவியை மாட்டியோ முழங்கையை நீட்டி வைத்துக்கொண்டு பேசுவது உசிதம். மலைப்பாதையில் ஓடும் ஜீப்பில் போன் வேண்டவே வேண்டாம். வளைவில் பிடி நழுவினால் போவது போன் மட்டுமன்று.

வலி வந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டை மெல்லச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கவேண்டும். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால் மருத்துவரிடம் காட்டுவது நலம். ஆரம்பத்தில் காட்டினால் ஓய்வு, கட்டு, மருந்து இவற்றோடு பெரும்பாலும் குணமாகிவிடும். முற்றவிட்டால் ஊசியும் சிலருக்கு அறுவை சிகிச்சையும்கூடத் தேவைப்படலாம். அதற்குள் எத்தனை நாள் கூலி போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தொழிற்சங்கங்கள் போனஸையும் பஞ்சப்படியையும் பேசும்போது இதையும் ஒரு வரி சேர்த்துப் பேசவேண்டும். தோட்டப் பகுதிகளில் நடத்தப்படும் மருத்துவ முகாம்களில் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பதோடு கையையும் பார்க்க ஏற்பாடு செய்வது கடினமான காரியமன்று. தமிழ்ச் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இளைஞர்களைக் கொண்டு, போனைக் கைக்கு ஏற்றவாறு அமைத்துத் தரும் உதவியைச் செய்யலாம்.

மலைக்கு வரும்போது தமிழ்த் தொழிலாளி கொண்டுவரும் மூலதனம் இரண்டு கைகள்தான். ஆடி மழையிலும் மார்கழிக் குளிரிலும் ஏலக்காயைக் கொய்து கொடுத்து, இடுக்கியின் செல்வத்தை வளர்த்த கைகள் அவை. இரவில் ஊருக்குப் பேசி முடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, விரல்களை விரித்து, மெல்ல நீவி ஓய்வு கொடுப்பது பெரிய காரியமன்று. மறுநாள் விடியலில் ஜீப் வந்து நிற்கும்போது அந்த விரல்கள்தானே மறுபடியும் வேலைக்குப் போகவேண்டும்.